தடயவியல் மரபணுக் கால்வழி ஆய்வு

தடயவியல் மரபணுக் கால்வழி ஆய்வு என்பது குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த டி.என்.ஏ.வைக் கொண்டு, அதற்குரியவரின் தூரத்து உறவினரை முதலில் கண்டறிந்து, பின்னர் குடும்ப மரம் வரைந்து அவரை அடையாளம் காணும் முறை ஆகும். பல ஆண்டுகளாகத் துப்புத் துலங்காத கொலை வழக்குகளில் இது பயன்படுகிறது.

செயல்முறை

வழமையான டி.என்.ஏ. ஒப்பீட்டில் ஏறத்தாழ 20 இடங்களே பார்க்கப்படும். சந்தேகத்திற்குரியவரின் மாதிரி கையில் இருந்தால் அது போதும். பெற்றோர், பிள்ளை போன்ற நெருங்கிய உறவையும் அது காட்டும். தூரத்து உறவைக் காட்டாது. கால்வழி ஆய்வில் பல இலட்சம் இடங்களில் உள்ள ஓரெழுத்து வேறுபாடுகள் படிக்கப்பட்டு, தம் முன்னோரைத் தேடுவோர் தாமாகவே பதிவேற்றிய தரவுகளுடன் ஒப்பிடப்படுகின்றன. இருவருக்கும் பொதுவான துண்டுகளின் நீளம் சென்டிமார்கன் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக 12.5 விழுக்காட்டைப் பகிர்வர். நான்கு தலைமுறைக்கு முந்தைய முன்னோர் வழியே உறவானோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பகிர்வர். அதன்பின் பிறப்புப் பதிவேடு, இறப்புச் செய்தி முதலியவற்றிலிருந்து குடும்ப மரம் வரையப்பட்டு, வயது, வசிப்பிடம் ஆகியவற்றால் பெயர்கள் கழிக்கப்படுகின்றன. எஞ்சும் பெயர் வெறும் துப்பு மட்டுமே. அவரது மாதிரியை நேரடியாக ஒப்பிட்ட பின்னரே அது சான்றாகும்.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

கலிபோர்னியாவில் 1970கள், 1980களில் 13 கொலைகளைச் செய்த முன்னாள் காவலர் சோசப் டி ஆஞ்சலோ 2018 ஏப்ரலில் கைதானதே இம்முறையை உலகறியச் செய்தது. 2020இல் அவர் குற்றங்களை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

ஐடகோ பால்சு நகரில் 1996இல் நடந்த ஒரு கொலை இம்முறையின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. 2014இல், தந்தைவழி டி.என்.ஏ.வின் ஒற்றுமையை மட்டும் நம்பித் தொடர்பற்ற ஒருவர் விசாரிக்கப்பட்டார். சோதனையில் அவர் இல்லை என்றானது. 2019இல் விரிவான கால்வழி ஆய்வு உண்மையான நபரைக் காட்டியது. அதே கொலைக்காக ஏற்கெனவே 20 ஆண்டுகள் சிறையிலிருந்த வேறொருவர் அவ்வாண்டே குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்.

ஒருவர் தம் தரவைப் பதிவேற்றும்போது, இசைவு தராத உறவினர் பலரும் தேடலுக்குள் வந்துவிடுகின்றனர். இக்கண்டனத்திற்குப் பின், 2019 மே மாதம் கெட்மேட்ச் தரவுத்தளம் இசைவு தந்தவரின் தரவை மட்டுமே காவல்துறைக்குத் திறந்தது.

இந்தியாவில்

உறவினரின் டி.என்.ஏ.வைக் கொண்டு அடையாளம் காண்பது இந்தியாவிற்குப் புதிதன்று. 1995இல் தில்லியில் தந்தூரி அடுப்பில் எரிக்கப்பட்ட நைனா சாகனியின் உடல், ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தில் அவரது பெற்றோரின் மாதிரிகளுடன் ஒப்பிடப்பட்டு உறுதி செய்யப்பட்டது. ஆனால் அங்கு உறவினர் யார் என்பது முன்பே தெரியும். முகமறியாத உறவினரைத் தேட, தாமாகப் பதிவேற்றும் மக்கள் பெருந்தொகையாக வேண்டும். தேசிய டி.என்.ஏ. தரவு வங்கிக்கென 2019இல் மக்களவையில் அறிமுகமான சட்டமுன்வரைவு 2023 சூலையில் திரும்பப் பெறப்பட்டது. அது நிறைவேறியிருந்தாலும் தூரத்து உறவைத் தேடப் பயன்பட்டிராது.

தென்னிந்தியாவில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டியே தந்தையின் அக்காளும் ஆவார். இத்தகைய மணங்களும் அத்தை மகள், மாமன் மகள் மணங்களும் தலைமுறைதோறும் நிகழ்ந்த குடும்பங்களில் இருவர் பல வழிகளில் உறவாவதால், பொதுத் துண்டுகள் மிகுந்து, தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தோன்றும். மேலைநாட்டு அட்டவணைகளை அப்படியே இங்குப் பொருத்தினால் தவறான குடும்பத்தின்மீது ஐயம் விழக்கூடும்.

பெயர்களும் இடர் தருவன. கனகம்மாசத்திரம் போன்ற எல்லையோர ஊர்களில் தெலுங்குக் குடும்பங்களின் இண்டிபேரு தலைமுறைகளுக்குத் தொடர்கிறது. தமிழ்க் குடும்பங்களிலோ தலைப்பெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகிறது. அருகிலுள்ள திருத்தணி 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால், இப்பகுதியில் மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரையவே இரு மாநில ஆவணங்களைத் தேட வேண்டிவரலாம்.