கம்பெனிப் பணமும் கலாசாலை ஆராய்ச்சியும்

ஆப்பிள் மரங்களில் சொறி நோயைத் தடுப்பதற்குப் போர்டோ கலவையைத் தெளிப்பது முன்னாளில் வழக்கமாயிருந்தது. ஆனால் அதனால் பழத்தின் தோல் சொரசொரப்பாகிப் பழுப்பேறி, விலை குறைந்துவிடுவதுண்டு. ஆகவே, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலை அதற்குப் பதிலாக உபயோகிக்கலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது.

1909-ம் வருஷத்தில் நியூயார்க் மாகாணத்திலுள்ள நயாகரா ஸ்பிரேயர் கம்பெனியார், கார்னெல் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற மாணாக்கர் ஒருவர் இதனை ஆராய்வதற்கு உபகாரச் சம்பளம் அளித்தனர். தாவர நோய்ப் பகுதியின் தலைவரான வெட்ஸல் என்பவர் இவ்வேற்பாட்டைச் செய்தார்.

மருந்து விற்பவரே பணம் கொடுத்தால் முடிவு அவருக்குச் சாதகமாகாதோ என ஐயுறுவது நியாயமே. ஆயினும் கார்னெல் பரிசோதனை நிலையத்தார் வெளியிட்ட பிரசுரங்களில் அக்கரைசல் நோயைத் தடுக்கும் சக்தி மாத்திரமன்றி, இலைகளையும் காய்களையும் அது கருக்கும் விதமும் கூறப்பட்டது. அதனாலேயே அவை தோட்டக்காரர்களுக்குப் பயன்பட்டன.

ஆதலின், ஒரு மருந்தைப் பற்றிய அறிக்கை கைக்கு வருங்கால், பணம் யாருடையது, குறைகளும் அச்சிடப்பட்டுள்ளனவா, மருந்து தெளிக்காத மரங்களோடு ஒப்பிடப்பட்டதா என்ற மூன்றையும் குடியானவர்கள் விசாரித்தறிதல் நலம்.