பந்தும் விவேகமும் – 6
குறை ஆட்டக்காரரிடமா, பயிற்சியாளரிடமா?

திருவான்மியூர்க் கடற்கரை மணலில் மாலைதோறும் பந்தாடும் இளைஞர்களிடையே, சென்னையின் எஃப்.சி. தோற்ற மறுநாள் தவறாமல் எழும் விவாதத்தில், "கோச்சை மாத்தணும்" என்று ஒரு கட்சியும், "ஆளே சரியில்லாதப்போ கோச் என்ன பண்ணுவார்?" என்று மறு கட்சியும் வாதாடக் கேட்டிருக்கிறேன். இரு கட்சியாரின் அபிமானத்தையும் போற்றுகிறேன். ஆயினும் அபிமானம் மட்டுமே காரணத்தைக் காட்டிவிடாது. ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றொன்று மாறும்போது என்ன விளைகிறது என்று பார்ப்பதே பரீட்சைக்குரிய முறை. அத்தகைய பரீட்சையை நமது நகரத்துக் குழுவின் சரித்திரமே இருமுறை நடத்திக் காட்டியிருக்கிறது.

முதலாவது, பயிற்சியாளர் மாறாத பரீட்சை. ஜான் கிரிகோரியின் தலைமையில் 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைக் கைப்பற்றிய குழு, அதே கிரிகோரியின் கீழ், மைல்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகஸ்டோ, ஜெஜே முதலிய பிரதான வீரர்கள் பலர் இருந்தும், அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளே பெற்றுக் கடைசி ஸ்தானத்துக்கு இறங்கியது. தற்காப்பின் தலைவராயிருந்த செரேனோ விலகிவிட்டார். வியாசர்பாடி தந்த நடுக்கள வீரர் தன்பால் கணேஷால் காயம் காரணமாக ஆட முடியவில்லை. முந்தைய ஆண்டில் 9 கோல் அடித்த ஜெஜே ஒன்றோடு நின்றார். ஓராண்டில் கிரிகோரியின் ஞானம் ஆவியாகிவிடவில்லை. அவருடைய யுக்தியைத் தாங்கிநின்ற தூண்களே சரிந்தன.

இரண்டாவது, ஆட்டக்காரர்கள் மாறாத பரீட்சை. 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காமல், ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகளோடு குழு தத்தளித்தபோது கிரிகோரி விலக, ஓவன் காய்ல் வந்தார். ஏறக்குறைய அதே வீரர்களைக் கொண்டு எஞ்சிய 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளிகள் ஈட்டி, இறுதி ஆட்டம் வரை அவர் குழுவை அழைத்துச் சென்றார். முன்கள வீரர் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்தார். திறமை முன்பே இருந்தது. அதற்குரிய வழியே அடைபட்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல், சரிவின்போது பயிற்சியாளரை நீக்கிய குழுக்களும், அதேபோன்ற சரிவில் நீக்காமலிருந்த குழுக்களும் ஒத்த அளவிலேயே மீண்டெழுந்தன என்று கண்டார். ஆகவே, புதியவர் வந்தபின் வென்றதனாலேயே பழையவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார்.

அப்படியாயின் நிர்ணயிப்பது எங்ஙனம்? தோல்வியின் லக்ஷணத்தைக் கவனிக்க வேண்டும். யார் ஆடினாலும் அதே இடத்தில் அதே பிழை வாரந்தோறும் நேருமாயின், பந்தை இழந்தவுடன் எங்கு நிற்பதென்று பதினொருவரும் தடுமாறுவராயின், குறை பயிற்சியினுடையது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றும், வாய்ப்பு உண்டாகியும், கால் தவறுமாயின், அல்லது ஒருவர் காயமுற்றதும் அவருடைய ஸ்தானத்தை நிரப்ப ஆளில்லாமற் போகுமாயின், குறை ஆள் சேர்த்த நிர்வாகத்தினுடையது.

2023-இல் திரும்பிவந்த அதே காய்லால், முதற்பருவத்தில் ஆறாவது ஸ்தானத்தையும், 2024-25-இல் பதின்மூன்று குழுக்களில் பதினோராவது ஸ்தானத்தையுமே பெற்றுத் தர முடிந்தது. உள்ள திறமையை முழுமையாக வெளிக்கொணர்வது நல்ல பயிற்சியாளரின் சாமர்த்தியம். இல்லாத திறமையைச் சிருஷ்டிப்பது எவராலும் ஆகாது. எனவே, அடுத்த தோல்விக்குப் பின் பயிற்சியாளரின் ராஜிநாமாவைக் கோருமுன், அவரிடம் எத்தகைய வீரர்களை ஒப்படைத்தீர்கள் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். வியாசர்பாடியிலிருந்தும் நமது கடற்கரையிலிருந்தும் இன்னும் எத்தனை தன்பால் கணேஷ்களை வளர்த்தீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

(தொடரும்)