விற்கப்போகும் வீட்டில் குளியலறை எங்கே?

தரங்கம்பாடி, ஒருமுறை ஊரோடு விலைபோன இடம். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னரிடம் இசைவு பெற்று டேனியர் இங்கே கோட்டை கட்டினர். 1845-இல் இவ்வூரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டனர். இன்று இங்கே விலைபேசப்படுபவை தனித்தனி வீடுகள். மக்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேரூன்றிவிட, பெரிய வீட்டில் வயதான தாய் மட்டும் எஞ்சியிருக்கிறாள். விற்றுவிடலாம் என்று குடும்பம் கூடி முடிவு செய்கிறது. உடனே எழுகிறது ஒரு கேள்வி: "குளியலறை ஒன்றைப் புதிதாகக் கட்டிவிட்டு விற்போமா, இருப்பதைச் செப்பனிட்டு விற்போமா?"

சிறிய கேள்விபோல் தோன்றினாலும், தாயின் நலம், உடன்பிறந்தாரின் பங்கு, வாங்குகிறவரின் நம்பிக்கை ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன. ஆகவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

பழைய வீட்டின் அமைப்பு

காவிரிப் பாசன நாட்டின் பழைய வீடு திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையற்கட்டு என்று நீண்டு கொல்லையில் முடியும். கழிப்பறையோ கொல்லையின் கோடியில் ஒதுங்கி நிற்கும். அதற்குத் துப்புரவு ஒரு காரணம் என்பர். மற்றொரு காரணம் நாம் வெட்கப்பட வேண்டியது. எடுப்புக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வரும் மனிதர் வீட்டுக்குள் கால் வைக்காமல் பின்சந்து வழியே வந்து போகவேண்டும் என்பதே அது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய கழிப்பறையைத் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ, எஞ்சியிருப்பவற்றை இடிக்கவோ மாற்றவோ வேண்டும் என்று கட்டளையிட்டதோடு, மலக்குழிக்குள் மனிதரைத் தக்க பாதுகாப்பின்றி இறக்குவதையும் குற்றமாக்கியது. விற்கப்போகும் வீட்டில் அந்தப் பழைய அமைப்பின் மிச்சம் இருந்தால், அதை அகற்றுவதே முதற்பணி. அதன் பின்னரே அழகைப் பற்றிப் பேசலாம்.

எங்கே அமைப்பது?

இரவில் எழுந்து செல்லும் முதியவரை மனத்தில் வைத்து இடம் தேடினால் விடை எளிதில் கிடைக்கும். ஐப்பசி மழையில், மின்விளக்கு அணைந்த வேளையில், நாற்பது அடிக் கொல்லையைக் கடப்பது எழுபது வயதுத் தாய்க்கு ஆபத்து. எனவே தரைத்தளத்தில், படுக்கையறைக்கோ கூடத்துக்கோ அருகில், பின்தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒன்று வேண்டும். விற்கும்வரை தாய்க்கு உதவும்; வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார்.

இதற்குப் பேரறை தேவையில்லை. குளியலும் கழிப்பிடமும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் குறைந்த அளவு 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டருக்குக் குறையலாகாது. அதாவது நான்கடி அகலமும் ஏழரை அடி நீளமும் போதும். பழைய பண்டசாலை அறையோ தாழ்வாரத்தின் ஒரு மூலையோ இதற்கு இடம் தரும். வழுக்காத தரை, பிடித்து எழ ஒரு கைப்பிடி, வெளிக்காற்று வரும் சன்னல் ஆகிய மூன்றும் பளபளக்கும் சுவர் ஓட்டைவிட மேலானவை.

மரக்கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய மாடியில் குளியலறை வைப்பது தவறு. தளத்தின் வழியே கசியும் நீர் கட்டையின் நுனியை உளுக்கச் செய்யும். கேடு வெளியே தெரியும்போது உத்திரமே தளர்ந்திருக்கும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவதும் நல்லதன்று. கடற்கரை ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுப் பூச்சு பெயர்ந்துவிடும். இவ்வூர்ப் பழைய வீடுகள் சிலவற்றை இன்டாக் அமைப்பு புதுப்பித்தபோது சுண்ணாம்பையே கையாண்டது இதனால்தான்.

கடற்கரையிலுள்ள பழைய கலெக்டர் பங்களா தங்கும் விடுதியானது முதல், "அறைக்கு ஒரு குளியலறை இருந்தால் விடுதிக்காரர் வாங்குவார்" என்று சொல்லும் தரகர்களும் உண்டு. வருபவர் விடுதிக்காரராகவே இருந்தாலும், தம் திட்டப்படி இடித்துக் கட்டவே விரும்புவார். அவருக்காக நாம் நான்கு குளியலறை கட்டுவது, பிறர் திருமணத்துக்கு நாம் பந்தல் போடுவது போன்றது. ஒன்றை நன்றாகச் செய்வதே போதும்.

நிலத்துக்கு அடியில்

அறை அமையும் இடத்தைவிடக் கழிவு சேரும் இடம் முக்கியம். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 60 அடிக்குள், இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் குறுகிய மனைகளில் இது எளிதன்று. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஆகவே முதலில் கிணறுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு எட்டத்தில் தொட்டிக்கு இடம் தேடி, அதன் பின்னரே அறையின் இடத்தை உறுதி செய்க. தொட்டிக்குச் செல்லும் குழாய் பத்தடிக்கு மூன்று அங்குலமாவது சரியவேண்டும். தொட்டி தொலைவிலிருந்தால் பள்ளமும் ஆழமாகும். கடற்கரை மணலில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும்.

கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் மறக்கலாகாது. 1991-இல் பிறந்து, 2011-இலும் 2019-இலும் திருத்தி வெளியிடப்பட்ட அவை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்படுத்துகின்றன. கொல்லையில் புதுச்சுவர் எழுப்புமுன் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டறிக. இசைவின்றிக் கட்டிய அறை விலையை உயர்த்தாது. பத்திரப் பதிவின்போது தடையாய் நிற்கும். இருக்கும் சுவர்களுக்குள்ளேயே மாற்றி அமைப்பது இதனாலும் நல்லது.

பணம் யாருடையது?

தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாகவும் சேரும். எனவே ஊரிலிருக்கும் ஒரு மகன் தானே முடிவெடுத்துக் கட்டிவிட்டு, பின்னர் தங்கையின் பங்கில் செலவைக் கழிப்பது முறையன்று. கட்டுமுன் அனைவரின் இசைவையும் எழுத்தில் பெறுக. செலவுக் கணக்கை எழுதி வைக்க. அதே தெருவில் அண்மையில் என்ன விலைக்கு விற்றார்கள் என்று விசாரித்தால், எவ்வளவு செலவிடலாம் என்பதும் விளங்கும். செலவிட்டதெல்லாம் விலையில் திரும்பி வரும் என்று எண்ணலாகாது.

சித்திரையில் காட்டும் வீடு

இறுதியாக, மனச்சான்றைத் தொடும் ஒன்று. சித்திரையில் வீட்டைப் பார்க்க வருகிறவருக்குக் குளியலறை நன்றாகவே தோன்றும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி, உறிஞ்சுகுழி நிரம்பி, கழிவு திரும்பி எழுவது நமக்கு மட்டுமே தெரியும். அதை மறைக்கப் புதுத் தளவரிசை போட்டு விற்பது எளிது. ஆனால், வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க இயலாத பெருங்குறை எதுவும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விதிக்கிறது. சட்டம் இல்லாவிடினும் அயலாருக்கு நாம் செய்யவேண்டிய கடமை அது.

ஆகவே செலவிட இருக்கும் பணம் ஒரு வேலைக்கே போதுமானால், அது தளவரிசைக்கன்று, தொட்டிக்கே போகட்டும். தொட்டி எங்கே, மூடி எங்கே, கடைசியாக எப்போது கழிவு எடுக்கப்பட்டது, மழைக்காலத்தில் என்ன நேர்கிறது என்பவற்றை ஒரு தாளில் வரைந்து, கிரயப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். விலையில் சிறிது குறைந்தாலும் குறையட்டும். நாம் பிறந்து வளர்ந்த வீட்டில் இனி வாழப்போகும் குழந்தைகள் அந்தக் கிணற்று நீரைக் குடிப்பார்கள்.