அறுவை ஒரு நாள், நடை மூன்று மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் சென்ற ஆண்டு 84 வயதான என் தாயார் சித்தூர் வீட்டுக் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபோது, திருப்பதியிலிருந்து ஓடிப்போய் மூன்று மாதம் கூடவே இருந்தேன். நம் சங்கக் குடும்பங்களில் பலருக்கும் வயதான பெற்றோர் ஓர் ஊரில், பிள்ளைகள் வேறு ஊரில். அவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

இருபது வருடத்துக்கு முன் என் பெரியம்மாவுக்கும் இதே முறிவுதான். "வயதானவருக்கு அறுவை வேண்டாம், அசையாமல் படுக்கட்டும்" என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. மூன்றாவது வாரம் முதுகில் புண் வந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது. நாற்பது நாளில் போய்ச் சேர்ந்தார். அவரைக் கொண்டுபோனது எலும்பு அல்ல, படுக்கை. இது எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று.

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது உண்மையில் தொடை எலும்பின் மேல்முனையில் வரும் முறிவு. அந்த முனை ஒரு பந்து போல இடுப்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. பந்துக்குக் கீழே குறுகலான கழுத்து. பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இந்தக் கழுத்தை ஒட்டியே போகின்றன. கழுத்து உடைந்து விலகினால் ரத்தமும் அறுபடும். எலும்பு தானாகக் கூடுவது கடினம். அதனால்தான் முதியவர்களுக்குப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே உடைந்திருந்தால் உள்ளே நீளமான ஆணியோ, தகடும் திருகாணியுமோ வைப்பார்கள். இரண்டில் எது செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்பது அதைப் பொறுத்தது.

எங்கள் பக்கத்தில் எலும்பு என்றாலே உறவினர் வாயில் முதலில் வருவது புத்தூர். 2022-ல் மாவட்டம் பிரிந்தபின் புத்தூர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அதை ஒட்டிய ராச்சபாளையத்தில் பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் கட்டுக்குத் தமிழ்நாடு முழுவதும் பேர் உண்டு. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மணிக்கட்டைச் சுற்றிச் சிம்பு வைக்கலாம். ஆழத்தில் சதைக்குள் கிடக்கும் தொடைக் கழுத்தை எந்தச் சிம்பு பிடித்து நிறுத்தும்? இடுப்பு முறிவுக்கு ஓரிரு நாளுக்குள் அறுவை நடப்பதே நல்லது என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட விஷயம். திருப்பதியில் சுவிம்ஸ் இருக்கிறது, தேவஸ்தானத்தின் பர்டு எலும்பு மருத்துவமனை இருக்கிறது; சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கம். கட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு வாரம் கழிப்பது முதியவருக்குக் கட்டாது.

அம்மாவுக்குப் பந்து மாற்றினார்கள். மறுநாளே நிற்க வைத்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

வந்த உறவினரெல்லாம் "மூன்று மாதம் ஓய்வு" என்றார்கள். எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டு ஜல்லி நிரப்பியதும் நாங்கள் ரயிலை நிறுத்தி வைப்பதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் விடுவோம். வண்டி ஓட ஓடத்தான் ஜல்லி இறுகும். இறுக இறுக வேகத்தைக் கூட்டுவோம். காலும் அப்படித்தான். பாரம் ஏறாத எலும்பு மெலியும், வேலை செய்யாத சதை கரையும். உலோகப் பந்து வைத்தவர்கள் பெரும்பாலும் உடனே கால் ஊன்றலாம். ஆணி வைத்தவர்கள் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு வலியைவிடப் பயம்தான் பெரிது. "டேய், காலைக் கீழ வெச்சா மறுபடி உடைஞ்சிடாதா?" என்று தினமும் கேட்பார். பிசியோதெரபிஸ்ட் பெண் தெலுங்கில் தைரியம் சொல்வாள், அம்மா தமிழில் சண்டை போடுவார். அவள் வந்தது மொத்தம் பன்னிரண்டு முறை. மற்ற நாளெல்லாம் நானும் என் மனைவியும்தான். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்குவது, குதிகாலை மெல்ல இழுப்பது, காலைப் பக்கவாட்டில் நகர்த்துவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. எல்லாவற்றிலும் பலன் தந்தது நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது என்பது என் அபிப்பிராயம். முதல் வாரம் கைப்பிடியை ஊன்றி மூன்று முறை எழுந்தார். ஆறாம் வாரம் பன்னிரண்டு.

வாக்கர் வாங்கினால் உயரத்தைச் சரி செய்யுங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் பிடி இருக்க வேண்டும். கடையில் இருந்தபடியே கொண்டுவந்து, முதியவரைக் கூன வைப்பவர்கள் அதிகம். முதலில் வாக்கர், பிறகு அறுவைக் கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவைக் கால் முதலில்.

பந்து மாற்றியவர்களுக்கு டாக்டர் சொல்லும் காலம் வரை சில தடைகள் உண்டு. தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குனிந்து கீழே கிடப்பதை எடுக்கக் கூடாது. பந்து குழியை விட்டு நழுவிவிடும். மணைப் பலகையில் உட்கார்ந்தே பழகிய நம் வீடுகளில் இது லேசான விஷயமல்ல. துளையிட்ட கமோடு நாற்காலி வாங்கினோம். கட்டில் தாழ்வாக இருந்தது. செங்கல் வை என்றார்கள். செங்கல் நழுவும். தச்சரிடம் சொல்லிக் குழி வெட்டிய மரக்கட்டைகள் செய்து வைத்தேன். குளியலறையில் ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி, ராத்திரி விளக்கு. கூடத்துப் பாயைச் சுருட்டியாயிற்று. கொல்லை வாசற்படி 6 அங்குலம். அதற்கு 6 அடிப் பலகையில் சரிவு, அதாவது 12-க்கு 1. ரயிலுக்கு 100-க்கு 1 கூடப் பெரிய ஏற்றம். மனிதர் பரவாயில்லை.

சாப்பாட்டில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். செரிக்காது என்று முதல் பத்து நாள் கஞ்சியே கொடுத்தோம். சதை வளரப் புரதம் வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் திட்டிய பிறகு பருப்பு, முட்டை, தயிர், கேழ்வரகுக் களி, வறுத்து அரைத்த வேர்க்கடலைத் துவையல் என்று மாறினோம். இன்னொன்று: நின்ற இடத்தில் விழுந்து இடுப்பு முறிந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதற்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருடம் ஓர் ஊசியோ இருக்கிறது. அறுவைக் கணக்கு முடிந்ததும் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்களே கேளுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், தையலில் நீர் கசிந்தாலும், அறுவைக் கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலும், பேச்சு குழம்பினாலும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீட்டுப் பயிற்சியால் உண்மையில் பலன் உண்டா என்று படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இடுப்பு முறிந்த 232 பேரில் ஒரு பாதியினர் சிறிதளவு மேற்பார்வையோடு வீட்டிலேயே ஆறு மாதம் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய நடமாட்டம் ஓரளவு மேம்பட்டது. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில் 16 வாரப் பயிற்சியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அற்புதம் எதுவும் நடக்காது. முன்போல ஆகாதவர்களும் பலர் இருக்கிறார்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைகள் செய்தவர். 1966-ல் பாகாயத்தில் அவர் முயற்சியால் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. போன காலையே நினைத்து உட்காராமல், மிச்சம் உள்ளதை வைத்து வீட்டில் எப்படி வாழ்வது என்று கற்றுக்கொடுக்கிற இடம் அது. அம்மாவிடம் அவர் கதையைச் சொன்னேன். "டாக்டரம்மாவே நாற்காலியிலயா?" என்றார். அன்று ஒரு சுற்று அதிகம் நடந்தார்.

வெளியூரில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் இருக்கும் என் தம்பி முதலில் தினமும் "எப்படி இருக்கே?" என்று கேட்பான், அம்மா அழுவார். பிறகு கேள்வியை மாற்றச் சொன்னேன்: "இன்னைக்கு நாற்காலியில இருந்து எத்தனை தரம் எழுந்தே?" அதற்குப் பதில் சொல்வதற்காகவே எழுந்தார். நானும் ரயில்வே வழக்கப்படி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தேன். 74-ஆம் நாள் பக்கத்தில், "ஊன்றுகோலுடன் திண்ணை வரை. பக்கத்து வீட்டம்மாளிடம் அரை மணி பேச்சு" என்று இருக்கிறது.

கொல்லைக்குத் தனியாக இன்னும் போவதில்லை. வாக்கரும் கமோடு நாற்காலியும் எங்கள் வீட்டில் சும்மா இருக்கின்றன. தேவைப்படும் உறுப்பினர்கள் சங்கச் செயலாளரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மரக்கட்டைகள் மட்டும் கட்டிலின் கீழேயே இருக்கட்டும்.