தானே இறுகும் வெண்பனி

அண்டார்க்டிகாவில், அமெரிக்காவின் மெக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு அருகே ஃபீனிக்ஸ் என்ற விமானத்தளம் 2017 முதல் இயங்கிவருகிறது. சரக்கேற்றினால் 200 டன்னையும் தாண்டும் சி-17 ராணுவ விமானங்கள் அங்கே சக்கரங்களிலேயே வந்து இறங்குகின்றன. அந்த ஓடுபாதையில் ஒரு பிடி சிமென்ட் கிடையாது, தாரும் கிடையாது. முழுக்க வெண்பனிதான். பனியை அடுக்கடுக்காகப் பரப்பி, கனமான உருளைகளால் அழுத்தி, இறுகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாதி வேலையை உருளை செய்கிறது. மீதியைப் பனி தானே செய்துகொள்கிறது.

புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் பனி பெரும்பாலும் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதே அளவு பனிக்கட்டி 917 கிலோ. ஊதினால் பறக்கும் இந்தத் துகள்கள் விமானத்தைத் தாங்கும் தரையாவது எப்படி?

முதல் துப்பு 1850-இல் கிடைத்தது. உருகும் நிலையில் இருக்கும் இரண்டு பனிக்கட்டிகளைத் தொடவைத்தால் அவை ஒட்டிக்கொள்வதை மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் எடுத்துச்சொன்னார். பனிக்கட்டியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, இரண்டு கட்டிகளுக்கு நடுவே சிக்கியதும் அது உறைந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். அழுத்தம் பட்ட இடத்தில் பனி உருகி மறுபடி உறைகிறது என்றார் பொறியாளர் ஜேம்ஸ் தாம்சன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைப் போலக் கட்டுப்பட்டு நிற்பதில்லை, இளகியே இருக்கின்றன என்பது வெகுகாலம் கழித்து உறுதியானது. ஃபாரடேயின் ஊகம் வீண்போகவில்லை.

நமக்கு நடுக்கமெடுக்கும் மைனஸ் 10 டிகிரி, பனியைப் பொறுத்தவரை கடும் சூடு. கெல்வின் அளவில் அது 263. பனி உருகுவது 273-இல். அதாவது உருகுநிலையில் 96 சதவீதத்தை எட்டிவிட்ட நிலை. இரும்பை அதே விகிதத்துக்குச் சூடேற்ற வேண்டுமானால் ஏறக்குறைய 1,470 டிகிரி செல்சியஸ் தேவை. அவ்வளவு சூட்டில் எந்தத் திடப்பொருளின் மூலக்கூறும் இருந்த இடத்தில் இருக்காது.

ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பனித்துகள்களை நுண்ணோக்கியில் பார்ப்போம். முதலில் அவை தொடுவது ஒரு புள்ளியில் மட்டுமே. துகளின் உப்பிய பரப்பில் மூலக்கூறுகளுக்குப் பிடிமானம் குறைவு. அவை ஆவியாகக் கிளம்புகின்றன. தொடும் இடத்தைச் சுற்றியுள்ள குழிவில் பிடிமானம் அதிகம். கிளம்பிய மூலக்கூறுகள் அங்கே போய்ப் படிகின்றன. வேறு சில, பரப்பின் மீதே நகர்ந்து வந்து சேர்கின்றன. புள்ளியாக இருந்த இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக் கழுத்தாகிறது. ஆறு கைப் படிகங்களின் கூர்முனைகள் மழுங்குகின்றன. சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்கின்றன. எதுவும் உருகவில்லை, ஆனாலும் உதிரிகள் ஒரே உடலாகிவிட்டன. இதற்குப் பெயர் சின்ட்டரிங். டங்ஸ்டன் பொடியை அழுத்திச் சூடேற்றி மின்விளக்கு இழைக்கான உலோகமாக்குவதும் இதே முறையில்தான். பனிக்கு உலை தேவையில்லை, அவ்வளவுதான்.

துகள் சிறிதாக இருந்து நெருக்கமாக அடுங்கியிருந்தால் தொடும் புள்ளிகள் பெருகும், பனி இன்னும் உறுதியாகும். காற்று அடித்து நொறுக்கிக் குவித்த பனியை இனுவிட் மக்கள் இக்ளூ கட்டத் தேடிப்பிடிப்பது இதனால்தான். கத்தியால் பாளம் பாளமாக அறுத்து அடுக்கி, இடுக்குகளில் பொடிப்பனியை அடைத்துவிடுவார்கள். கட்டி முடித்து இறுகிய இக்ளூவின் மேல் ஓர் ஆள் ஏறி நிற்கலாம். கிரீன்லாந்தில் 1959-இல் தொடங்கிய கேம்ப் செஞ்சுரி ராணுவ முகாமில் அமெரிக்கர்கள் இதையே இயந்திரத்தால் செய்தார்கள். அகழி வெட்டி, இரும்பு வளைவுகளால் மூடி, அரைத்த பனியை அவற்றின் மேல் ஊதிப் பரப்பினார்கள். அது கூரையாக இறுகியது. ஆனால் இறுகிய பனியும் பாரத்தில் மெல்ல நெளிந்துகொண்டே இருக்கும். சுவர்கள் நெருங்கிவர, 1967-இல் முகாமைக் கைவிட்டார்கள்.

பனி எப்போதும் இறுகும் என்றும் சொல்லிவிட முடியாது. மேற்பரப்பு கடுங்குளிரிலும் அடிநிலம் பூஜ்யம் டிகிரியை ஒட்டியும் இருந்தால், நீராவி கீழிருந்து மேலே விரைகிறது. அப்போது கழுத்துகள் வளர்வதில்லை. சர்க்கரையைப் போலப் பட்டை தீட்டிய, ஒட்டாத மணிகள் உருவாகின்றன. அந்த வலுவற்ற அடுக்கின் மேல் புதுப்பனி ஏறி அமர்ந்தால், பாரம் தாங்காமல் சரிவே வழுக்கி இறங்கும். பல பனிச்சரிவுகளின் தொடக்கம் இதுதான்.

சரியும்போது ஓடையாகப் பாயும் பனி, நின்றதும் இறுகிவிடுகிறது. உருண்டு நொறுங்கிய பொடித்துகள்கள் நெருக்கமாகப் படிந்து உடனே பிணைகின்றன. பனிக்கட்டிக் கூம்புகளை ஒரு நொடிக்கும் குறைவாகத் தொடவைத்தாலே பிணைப்பு உண்டாகிவிடுவதை, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பனி ஆய்வு நிறுவனத்தினர் 2007-இல் அளந்து காட்டினார்கள். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாமல் போவது இதனால்தான். சுவிட்சர்லாந்தில் முழுதாகப் புதைந்தவர்களைப் பற்றி 1994-இல் வெளியான ஆய்வின்படி, கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடமானால் மூன்றில் ஒருவர்தான்.

இந்த இறுக்கத்தின் கொடுமையைத் தமிழ்நாடும் அறியும். 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் 19-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டார்கள். நான்கு பேர் நம் மாநிலத்தவர். பனிக்கட்டிப் பாளங்களும் சேர்ந்த அந்தக் குவியலைத் துளைக்கப் பாறைத் துளைப்பான்களையும் மின்ரம்பங்களையும் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இன்று குல்மார்க்குக்கும் மணாலிக்கும் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வகமான டிஜிஆர்இ, பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிட்டுவருகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். போகக் கூடாதென்று மூடிவைத்த சரிவுகளில் கால் வைக்காதீர்கள். மற்ற சரிவுகளில் ஏறியே ஆக வேண்டுமென்றால் ஆளிருக்கும் இடம் காட்டும் டிரான்சீவர், குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். மீட்புப் படை வந்துசேரும் முன்பே பனி இறுகிவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் தோண்டக்கூடியவர் பக்கத்தில் நிற்பவர் மட்டுமே.