லெமன் பார் சாமான் கேட்டு வந்தால்...



நமது பரங்கிப்பேட்டையைப் போர்த்துகீசியர் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதிய துறைமுகம் என்று அழைத்தனர். நாம் சொல்லும் ‘பிஸ்கோத்து’ அவர்கள் மொழிவழி வந்த சொல்லே. பிஸ்கோத்து போன்ற அடித்தட்டின்மேல் எலுமிச்சைக் கலவையை ஊற்றிச் சுட்டு, துண்டு போடும் இனிப்புதான் ‘லெமன் பார்’. ஓவன் உள்ள வீடுகளில் இது சுலபமாகச் செய்யக்கூடியது. வேண்டியவை பெரும்பாலும் நம் கடைச் சரக்குகளே. ஆனால் ஒன்றுக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்தால் பண்டம் கெடும், பழி கடைமேல் விழும், வாடிக்கை கைநழுவும். ஆகவே செய்முறையை நாமும் அறிந்திருப்பது நல்லது.

எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு: மைதா 140 கிராம், வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 40 கிராம். இவற்றைப் பிசைந்து தட்டில் அழுத்திப் பரப்பி, 175 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும் வரை சுட வேண்டும். முட்டை 2, சர்க்கரை 200 கிராம், மைதா 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 75 மில்லி ஆகியவற்றை அடித்து, சூடான அடித்தட்டின்மேல் ஊற்றி மேலும் 20 நிமிடம் சுட வேண்டும். நடுப்பகுதி தளும்பாமல் நின்றால் பதம். ஆறவிட்டு, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டினால் துண்டு உடையாது.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை:

வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு, நெய்யில் இல்லை. எனவே அதே எடை நெய் ஈடாகாது.

பேக்கிங் பவுடரும் சோடாவும் இதற்குத் தேவையில்லை. சரக்கு தள்ள வேண்டும் என்பதற்காக அவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

எலுமிச்சை தோல் மெல்லியதாக, கையில் கனமாக இருந்தால் சாறு மிகும். நாலைந்து பழம் போதும். ‘லெமன் சால்ட்’ எனப்படும் சிட்ரிக் அமிலம் புளிப்பைத் தரும்; மணத்தைத் தராது. மணம் தோலின் எண்ணெயில் இருக்கிறது. ஆகவே மேல்தோலை மட்டும் துருவிச் சேர்க்கலாம். உள்ளே உள்ள வெள்ளைப்பகுதி கசக்கும்.

அலுமினியத் தட்டில் புளிப்புப் பட்டால் உலோக வாடை வரும். அடியில் ஓவனுக்கு உரிய பட்டர் பேப்பர் விரிக்க வேண்டும். மெழுகு பூசிய தாள் உருகிவிடும். அதைக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் செய்தவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். முட்டை சேர்ந்த பண்டம் ஆதலால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்; மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன்படி வீட்டில் செய்து விற்பவருக்கும் பதிவு தேவை. பொட்டலத்தில் பதிவு எண்ணும், முட்டை சேர்ந்ததால் அசைவத்துக்குரிய பழுப்பு முக்கோணக் குறியும் இருக்க வேண்டும்.

பெரிய கடைகள் அரை கிலோ, ஒரு கிலோ என்று பாக்கெட்டாக விற்கும். இருநூறு கிராம் மைதாவும் நாலு பழமும் கேட்ட அளவில் நிறுத்துக் கொடுத்து, இன்னது இதற்கு ஆகும், இன்னது ஆகாது என்று சொல்லவும் செய்வது நம் போன்ற கடைகளே. அந்தச் சொல்லுக்காகவே வாடிக்கை திரும்பி வரும்.