விலைபோகாத நிலம் தந்த மெரினோ

மூன்றே வருடங்களுக்கு முன் வாங்கிய பண்ணையை 1861ல் விற்றுவிட நினைத்தது பெப்பின் குடும்பம். ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் தெனிலிகுவின் ஊருக்கு வடக்கே உள்ள வாங்கனெல்லா பண்ணை அது. லாபம் கையில் நிற்கவில்லை. கட்டுப்படியான விலைக்கு ஆளும் வரவில்லை. விற்க முடியாத நிலத்தில் தங்கி, அந்த மண்ணுக்கேற்ற ஆட்டைத் தாங்களே உருவாக்குவது என்று இறங்கினார்கள்.

ஜார்ஜ் பெப்பின் இங்கிலாந்தின் சாமர்செட்காரர். ஆடு வளர்த்த குடும்பம். 1850ல் மனைவி மக்களோடு கப்பலேறி வந்தவர். வாங்கனெல்லாவில் மந்தையோடு மந்தையாக நின்றவர்கள் அவருடைய மகன்கள் ஜார்ஜும் ஃப்ரெட்ரிக்கும்.

ரோமத்துக்காக வளர்க்கப்படும் இனம் மெரினோ. அன்றைய மெரினோக்களில் பல ஜெர்மனியின் சாக்சனி வழி வந்தவை. ரோமம் பட்டு மாதிரி, உடம்போ சிறியது. உப்புப்புதர் மண்டிய வெட்டவெளியில், கோடை வெயிலில், தண்ணீருக்கு மைல்கணக்கில் நடக்க அவற்றால் ஆகவில்லை. பெப்பின்கள் முதலில் செய்த வேலை, அந்த வறட்சியிலும் வாடாமல் நின்ற 200 பெட்டைகளைத் தங்கள் மந்தையிலிருந்தே பொறுக்கி எடுத்தது. மண் ஏற்கெனவே சோதித்துத் தந்த ஆடுகள் அவை. கேனலி பண்ணையிலிருந்து மேலும் 100 பெட்டைகள் வந்தன. பிரான்சின் ராம்பூயே இனத்துப் பொலிகிடாக்களும் வந்தன. அவற்றில் 'எம்பரர்' என்ற கிடா கழுவிய பிறகான எடையில் 5 கிலோவுக்கு மேல் ரோமம் தந்தது. பண்ணையில் லிங்கன் இனப் பெட்டைகளும் இருந்தன. அவற்றை மெரினோவோடு கலந்ததாக எழுத்தில் எதுவும் இல்லை. அந்த நீண்ட இழையையும் எலும்புக்கட்டையும் பார்த்தால், கலந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெப்பின் மெரினோவின் விலாவில் ரோமத்தை இரு கையாலும் வகிடெடுத்துப் பார்க்க வேண்டும். மேலே புழுதியேறிய சாம்பல் நிறம். விரல் உள்ளே போகப் போக, பாலாடை நிறத்தில் நெளிநெளியான இழைகள். கையில் பிசுபிசுப்பு ஒட்டும். அந்த மெழுகுதான் புழுதியையும் மழையையும் தோலுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இழை மிக மெல்லியதல்ல, நடுத்தரம். ஆனால் நீளம், வலு, எடை மூன்றும் உண்டு.

ரோமம் கூட வேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் பின்னால் தெரிந்தது. 1880களில் பல பண்ணைகள் அமெரிக்காவின் வெர்மான்ட் கிடாக்களை வாங்கி விட்டன. தோல் மடிப்பு மடிப்பாக இருந்தால் ரோமம் அதிகம் முளைக்கும் என்பது கணக்கு. மடிப்புகளில் ஈரம் தங்கி, ஈ முட்டையிட்டு, ஆடு உயிரோடு புழுவைத்தது. கத்தரிக்கிறவருக்கும் திண்டாட்டம். அந்த மடிப்பை மந்தையிலிருந்து ஒழிக்கப் பல தலைமுறை ஆயிற்று. ஒரு கிடாவைத் தவறாகத் தேர்ந்தால் பேரக்குட்டிகள்வரை அதன் பலனைச் சுமக்கின்றன.

பெப்பின்களுக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை. தந்தை ஜார்ஜ் 1872லேயே இறந்தார். நான்கு ஆண்டுகளில் மூத்த மகன் ஜார்ஜும் போனார். 1878ல் ஃப்ரெட்ரிக் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அந்த நிலத்தில் பூனோக் என்ற பகுதியை வாங்கிய ஃபால்கினர் குடும்பம் அதே ரத்த வழியைத் தொடர்ந்தது. பெப்பின்கள் உழைத்தது வெறும் 17 வருடம். இன்றைய ஆஸ்திரேலிய மெரினோக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் அவர்கள் மந்தையின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படுகிறது.

நம் நீலகிரி ஆட்டிலும் மெரினோ ரத்தம் ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு கலந்து உருவான இனம் அது. ஊட்டி அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்துவருகிறது. நம் ஊர்களிலோ மந்தையில் நன்றாக வளர்ந்த கிடாதான் முதலில் கறிக்கடைக்குப் போகிறது, எடை அதிகம் என்பதால். ஆடு வைத்திருப்பவர்களை ஒன்றுதான் கேட்கிறேன்: அடுத்த முறை வியாபாரி வரும்போது, அந்த ஒரு கிடாவை மட்டும் பட்டியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.